இரண்டு கட்டை உயரத்தில் ஒரு பாட்டு

உங்களில் பலர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்ததும் முதலில் தேடுவது டிரான்ஸ்போஸ் பட்டனைத்தான். வெட்கப்பட வேண்டாம். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டனை வைத்துத்தான் பிழைத்தேன். பாட வருகிறவர் குரல் எந்தச் சுருதியில் இருந்தாலும் நமக்குக் கவலை இல்லை. நமக்குப் பழகிய கட்டைகளிலேயே விரலை ஓட்டலாம். பட்டனை நாலு தட்டுத் தட்டினால் பாட்டு தானாக ஏறியோ இறங்கியோ அவர் சுருதிக்கு வந்து சேரும். சங்கீதத்தை முறையாகப் படித்தவர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒரே கல்யாண மேடையில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெலுங்குப் பாட்டு, பெண் வீட்டுக்குத் தமிழ்ப் பாட்டு என்று மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு அவர்கள் வந்து பேசட்டும்.

நம் வானொலி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். என் வெற்றிகளை எழுதினால் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். நேரலையில், ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது செய்தது. அதில் என் மானம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. இன்னொருத்தியின் பிழைப்பும் பாட்டும் சேர்ந்து போக இருந்தன.

என்னை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நான் எஸ்தர், சித்தூர்க்காரி. எங்கள் சபைப் போதகர் நல்ல மனுஷர், ஆனால் கீர்த்தனையை ஞாயிறுக்கு ஒரு சுருதியில் ஆரம்பிப்பார். அந்தச் சுருதி இரண்டாம் சரணத்துக்குள் தானாகவே வேறெங்கோ போய்விடும். பின்னால் உட்கார்ந்து அவரைத் துரத்திப் பிடிப்பதுதான் பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த இசைப் பயிற்சி. பிறகு சித்தூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தேன். கோயில் திருவிழாவில் வாசித்தேன், கிறிஸ்துமஸ் பவனியில் லாரி மேல் உட்கார்ந்து வாசித்தேன். திருப்பதி ஜவுளிக்கடைகளுக்கு அரை நிமிஷ விளம்பரப் பாட்டுப் போட்டேன். மேடைக்கு நானே பாட்டுக் கட்டினேன், அதில் இரண்டு மூன்று பாட்டுகள் ஊரில் பரவி யாருடையது என்று தெரியாத அளவுக்குப் பிரபலமாயின. கடைசியில் எஃப்எம் வானொலிக்கு வந்தேன். பேசுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் நைனா நம்பவே இல்லை, இத்தனை நாள் வீட்டில் சும்மா பேசிக்கினு இருந்தியே என்று வருத்தப்பட்டார்.

ஆர்கெஸ்ட்ராத் தலைவர் எனக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பாட்டு முடிந்ததும் கை முதலில் பட்டனுக்குப் போக வேண்டும், சுருதியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கப்புறம்தான் தண்ணீர் குடிப்பதோ தலையைச் சொறிவதோ. அவர் இருந்தவரை நான் ஒருநாளும் தவறியதில்லை. அவர் இல்லாத பிறகும் தவறியதில்லை. அந்த ஒரு சாயங்காலம் வரைக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் அது நடந்தது. எங்கள் நிலையத்தில் நாகலாபுரம், பிச்சாட்டூர் பக்கத்து எல்லைக் கிராமங்களுக்காகத் தினமும் காலையில் அரைமணி நேரம் தமிழ் நிகழ்ச்சி ஒன்று ஆரம்பிக்க முடிவு செய்தார்கள். பாடவும் வேண்டும், பேசவும் வேண்டும், அந்த மண்ணின் குரலாகவும் இருக்க வேண்டும். நிறையப் பேர் வந்தார்கள். அதில் மூன்று பெண்களை வடிகட்டி எடுத்தோம். மூன்று பேரும் நிலையத்துக் கூடத்தில் மக்கள் முன்னால் நேரலையில் பாடுவார்கள், வெளியிலிருந்து வரும் சங்கீத ஆசிரியர் ஒருவர் அங்கேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார் என்று ஏற்பாடு.

மூன்று பேருக்கும் பாட்டு ஒன்றுதான். நிகழ்ச்சியின் தலைப்புப் பாட்டாக நான் எழுதி மெட்டுப் போட்டது. ‘ஆரணியாத்துத் தண்ணியில வெயில் வந்து குந்திக்கிச்சி’ என்று சரணத்தில் ஒரு வரி வரும். அந்த ‘வெயில்’ என்ற இடத்தில் மெட்டு சரசரவென்று மேலே ஏறி நிற்கும். எனக்கு அந்த இடத்தின் மேல் ரொம்பக் கர்வம். மேடையில் நானும் ரிதம் பேடு வாசிக்கும் மஸ்தானும் மட்டும்தான். என் விரலுக்கு மூன்று தடவையும் ஒரே வேலை. பாடுகிறவருக்குத் தகுந்தபடி பட்டன் மட்டும் மாற வேண்டும்.

மூன்றாவதாகப் பாட வேண்டியவள் வேதவல்லி. நாகலாபுரத்துக்காரி, முப்பது வயது இருக்கும். மாம்பழ சீசனில் பழக்கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவாள், மற்ற நாளில் நடவு, களையெடுப்பு. பாட்டு யாரிடமும் கற்றவள் இல்லை. கனமான, அடியிலிருந்து வருகிற குரல். அந்தக் குரலுக்கு நாலு கட்டைச் சுருதி போதும். மத்தியானம் ஒத்திகையில் நாலு வைத்து, வசதியா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். துண்டுக் காகிதத்தில் ‘வேதா 4’ என்று எழுதிக் கீபோர்டில் ஒட்டிக்கொண்டேன்.

அவளோடு மாமியார் சின்னபாப்பா வந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு ஒயர்கூடை, கூடைக்குள் ஒரு சொம்பில் வெந்நீர். மருமகள் தொண்டைக்காக நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் சிந்தாமல் கொண்டுவந்திருந்தாள். விஷயத்தை அவள்தான் எனக்குச் சொன்னாள். வேதவல்லியின் புருஷனுக்கு இதில் இஷ்டமே இல்லையாம். ஊரெல்லாம் கேட்கும், அங்கே போய் அசிங்கப்பட்டு வந்தால் அத்தோடு பாட்டை மூட்டை கட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். தொழிற்சாலை மேஸ்திரியும், சீசன் நடுவில் லீவு போட்டால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு சின்னபாப்பா செய்த காரியம், தெருவில் வீடு வீடாகப் போய், சாயங்காலம் எல்லாரும் செல்போனில் ரேடியோ போட்டு வைக்க வேண்டும் என்று கட்டளை போட்டதுதான். எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துவிட்டது.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதல் பெண் பாடினாள், பரவாயில்லை. இரண்டாவது பெண் திருப்பதியில் கல்லூரியில் படிப்பவள். ஆறு கட்டையில் கணீரென்று பாடினாள். கூடம் கைதட்டியது. அந்த நேரத்தில் தொகுப்பாளர் ஒரு காரியம் செய்தார். இந்த அழகான மெட்டைப் போட்டவர் நம்ம எஸ்தர் அம்மா என்று என்னைக் காட்டினார். கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. நான் எழுந்து நின்றேன். சும்மா நின்றால் போதாதா, இடப்பக்கம் ஒரு கும்பிடு, வலப்பக்கம் ஒரு கும்பிடு, நடுவில் ஒரு கும்பிடு. மஸ்தான், அக்கா போதும் உட்காருங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். உட்கார்ந்தேன். வேதவல்லி மைக் முன்னால் வந்தாள். மஸ்தான் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். என் கை நேராகக் கட்டைகளுக்குப் போனது.

பட்டனுக்குப் போகவில்லை.

முன்னிசை நன்றாகத்தான் ஒலித்தது, ஏன் ஒலிக்காது. அவள் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு பல்லவியை எடுத்தாள். குரல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பயம் போலிருக்கிறது, சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை பல்லவி வந்தபோது அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். காகிதத்தில் நாலு, திரையில் ஆறு. கல்லூரிப் பெண்ணின் சுருதி, வேதாவுக்கு இரண்டு கட்டை உயரம்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பட்டனை மறந்தது சாதாரணத் தப்பு, நீங்களும் செய்வீர்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு இடையிசை இருந்தது. மஸ்தானுக்கு ஜாடை காட்டி அவனைத் தனியாகத் தட்டவிட்டு, சுருதியை இறக்கி, மறுபடி எடுத்துக் கொடுத்திருக்கலாம். அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மன்னிக்கணும், முதலிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்தது என்ன தெரியுமா? இப்போது சுருதியை மாற்றினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், இப்போதுதானே மூன்று கும்பிடு போட்டோம் என்று. ஒருவேளை அவளுக்கு எட்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாது என்று எனக்குத் தெரியும். அந்த மெட்டைப் போட்டவளே நான்தான்.

சரணம் வந்தது. ‘வெயில்’ என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. கூடத்தில் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். வேதவல்லி விட்டுவிடவில்லை, அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தாள். அனுதாபத்துக்குத் தட்டுகிற மாதிரி கொஞ்சம் கைதட்டல். சங்கீத ஆசிரியர் மைக்கை வாங்கி, “கொந்து பாகுந்திம்மா, கானி பை ஸ்தாயி அந்தடம் லேது” என்றார். குரல் நன்றாக இருக்கிறது, மேல் ஸ்தாயி எட்டவில்லை என்று அர்த்தம். நியாயமான வார்த்தைதான், அவர் காதில் விழுந்ததை அவர் சொன்னார்.

வேதவல்லி மைக்கிலேயே, மன்னிச்சிடுங்க சார் என்றாள். நாகலாபுரத்தில் அவள் தெரு முழுக்க அதைக் கேட்டது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் சின்னபாப்பா எழுந்து நின்றாள். மைக் இல்லை, அவளுக்குத் தேவையும் இல்லை.

“இன்னாய்யா இது, அவ குரலே இது இல்ல. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினே பாடுவா, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இங்க யாரோ அவள ஏணி மேல ஏத்தி வுட்டுட்டு, கீழ எறங்கத் தெரிலன்றீங்க.”

கூடம் சிரித்தது. தொகுப்பாளர் அவளை உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். அவள் உட்காரவில்லை, யாரையும் குற்றம் சொல்கிற பார்வையும் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய் எங்கள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் மேடையில் இருந்த அத்தனை சங்கீதக்காரர்களிலும் அந்த அம்மா ஒருத்திக்குத்தான் சரியாகக் காது கேட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தொகுப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“அந்தம்மா சொல்றதுதான் சரி. வேதா மேல தப்பு இல்ல, என் மேலதான். முன்னாடி பாடின பொண்ணோட சுருதிய மாத்தாமயே வாசிச்சிட்டேன். பாட்டு நடுவுலயே எனக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சும் நிறுத்தல.”

சங்கீத ஆசிரியருக்குப் புரிய வேண்டும் என்று அதையே தெலுங்கிலும் சொன்னேன். இரண்டு மொழியில் மானத்தை வாங்கிக்கொள்ளும் வசதி நம் ஊரில்தான் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் நிலைய அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். செய்தி நேரம் நெருங்கிவிட்டது, நாலு நிமிஷம்தான் பாக்கி என்று விரலைக் காட்டினார். பாட்டே நாலரை நிமிஷம். முடிவையும் அறிவிக்க வேண்டும். சங்கீத ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரணம் மட்டும் பாடட்டும் என்றார். பெரிய மனசு அவருக்கு. இன்றைக்கும் அவரை நினைத்தால் கையெடுக்கத் தோன்றுகிறது.

நான் ஓடிப்போய் நாலு கட்டைக்கு மாற்றி ஒரு சுரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். வேதவல்லி என்னைப் பார்த்துத் தயங்கினாள். அப்புறம் மெதுவாக, “அக்கா, நானே எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள்.

எடுத்துக்கொள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். கூடவே வாசிக்கலாம் என்று கட்டைகளில் அவளைத் தேடினேன். நாலுக்கு வந்தால் அவள் கொஞ்சம் கீழே, மூன்றுக்குப் போனால் கொஞ்சம் மேலே. இரண்டு கட்டைக்கும் நடுவில் ஒரு இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்துக்கு என்னிடம் கட்டையும் இல்லை, பட்டனைத் தட்டிப் போகவும் வழியில்லை. போதகரையே துரத்திப் பிடித்தவள் நான், இவளிடம் தோற்றுப்போனேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மஸ்தான் மட்டும் அவளுக்குக் கீழே மெத்தென்று தாளத்தைப் போட்டுக்கொண்டு போனான்.

‘வெயில்’ வந்தது. அவள் சர்வசாதாரணமாக மேலே போய் நின்றாள். நான் மெட்டுப் போட்டபோது நினைத்ததைவிட ஒரு மூச்சு அதிகமாக நின்றாள், அப்புறம் அவசரமே இல்லாமல் இறங்கி வந்தாள். சொன்னால் நம்புங்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். என் பாட்டு எப்படிப்பட்ட பாட்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சங்கீத ஆசிரியர் முடிவைச் சொல்ல எடுத்துக்கொண்டது ஐந்தே நொடி. வேதவல்லி என்று பெயரைச் சொன்னார், கூடம் அதிர்ந்தது, செய்தி வந்துவிட்டது. மஸ்தான் ஒலிபரப்பு முடிந்தது தெரியாமல் இன்னும் தட்டிக்கொண்டே இருந்தான். கல்லூரிப் பெண் ஓடிவந்து வேதவல்லியைக் கட்டிக்கொண்டாள். சின்னபாப்பாவின் செல்போன் ஓயாமல் அடித்தது, தெருவே வரிசையில் நின்று கூப்பிட்டது. நடுவில் மகன் கூப்பிட்டான். அவன் என்ன சொன்னானோ தெரியாது. இந்தப் பக்கம் அவள் சொன்னதை மட்டும் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

“உன் பொண்டாட்டி ரேடியோவுல சேந்துட்டாடா. நாங்க துன்னுட்டு வர்றோம். நீ அடுப்ப பத்தவெச்சி உனுக்கு ஆக்கிக்க.”

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார். அதில் திட்டு முக்கால் பங்கு. கால் பங்கில், நேரலையில் அப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று பாராட்டினார். பாராட்டை மட்டும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. தைரியம் இருந்தால் இடையிசையிலேயே நிறுத்தியிருப்பேன். ஒரு மாமியார் எழுந்து நின்ற பிறகு வருவதற்குப் பெயர் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாகப் பாட வருகிறவரிடம் சுருதி வசதியா என்று கேட்டுவிட்டு, தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அல்லது தானே ஒரு வரி எடுத்துக் காட்ட வேண்டும். ஒத்திகை நீளுகிறது என்று எல்லாரும் முணுமுணுப்பார்கள். நீங்கள் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் உங்களையும் முணுமுணுப்பார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். இந்த வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் நாங்கள் நாலு பேரும் நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். சின்னபாப்பா சந்தோஷத்தில் கடைக்காரரிடம் தெலுங்கில் கதை முழுவதையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள், அதில் என் பாகம் வரவர மோசமாகிக்கொண்டே போனது. மஸ்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வேதவல்லியைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனேன். பாடும்போது அவ்வளவு கஷ்டமாக இருந்ததே, சுருதி ஒத்துவரவில்லை என்று ஒரு கை காட்டியிருக்கலாமே, நிறுத்தியிருப்பேனே என்று கேட்டேன். அவள் பஜ்ஜியை ஊதி ஆற்றிக்கொண்டே, முகம் நிறையச் சிரிப்போடு சொன்னாள்.

“நீங்க தப்பா வாசிப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. என் தொண்டதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சிக்கினேன். இனிமே வூட்லகூட பாடக்கூடாதுன்னு, அங்க நின்னுக்கினே முடிவு பண்ணிட்டேன்.”

நான் கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டேன்.